32 பாகையில் சுருளும் ஜெல்: யாழ்ப்பாணத்து மேசையில் என்ன ஆகும்?

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில், சூடு பட்டதும் தானாகவே சுருளும் ஜெல்லைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. வழக்கமாகச் சினிமாவுக்குப் போகும் இடத்தை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதை வாசித்துவிட்டுப் பக்கத்து வீட்டு உயர்தர மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, இது உயிருள்ள சாமானோ?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த ஜெல் வெப்பத்தை உணர்ந்து, யோசித்து, முடிவெடுத்து மடங்குவதாகத்தான் கட்டுரை சொல்கிறது. கடலில் நீந்தும் மென்மையான இயந்திர மீனும், உடலுக்குள் போய் மருந்தை அவிழ்த்துவிடும் சுருளும் நாளைக்கே பருத்தித்துறைக்கு வந்து இறங்கும் என்பது போலவும் ஒரு தொனி.

நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டம் ஏதும் இல்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவது மேசையில் நடக்குமா நடக்காதா என்று முதலில் பார்த்துவைப்பதுதான் என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் கட்டுரையை வாசித்தபோது ஓர் எண் கண்ணில் குத்தியது. அந்த ஜெல் சுருங்குவது 32 பாகை செல்சியசில். கட்டுரை இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நடந்துபோகிறது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் அந்த வரியில்தான் நின்றிருக்க வேண்டும்.

சரி, முதலில் அது ஏன் வளைகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு தனிப் பொருள் அல்ல. இரண்டு படலங்கள் பிரியாமல் ஒட்டப்பட்டிருக்கின்றன. சூடேறினால் ஒன்று சுருங்கும், மற்றது அப்படியே இருக்கும். தனித்தனியாக விட்டிருந்தால் ஒன்று குட்டையாகும், மற்றது நீளமாகக் கிடக்கும், அவ்வளவுதான். ஒட்டியிருப்பதால் இரண்டுக்கும் இசைவான ஒரு நிலை வேண்டும். வளைந்தால் அது கிடைக்கிறது. குட்டையானது உள்வளைவிலும் நீளமானது வெளிவளைவிலும் போய் நின்றுகொள்ளலாம். வட்டுக்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நுகத்தில் பூட்டிய இரண்டில் ஒன்று பின்தங்கினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். திரும்ப வேண்டும் என்று எந்த மாடும் நினைத்திருக்காது.

இந்த வித்தை பழையது. ஜோன் ஹரிசன் என்ற ஆங்கிலேய மணிக்கூட்டுக்காரர், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தான் செய்த மூன்றாவது கடல் மணிக்கூட்டில் பித்தளையையும் உருக்கையும் சேர்த்த பட்டை ஒன்றை வைத்தார். கப்பல் குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வந்தாலும் நேரம் பிசகக்கூடாது என்பதற்காக. உங்கள் வீட்டு மின் அழுத்தி 'டிக்' என்ற சத்தத்தோடு தானாக அணைவதும் அதே வகைப் பட்டையால்தான். பழைய ரியூப் லைற் ஸ்ராட்டர் ஒன்றின் கூட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் வளைந்த பட்டை ஒன்று தெரியும். மின் அழுத்தி யோசிக்கிறது என்று யாரும் கட்டுரை எழுதியதில்லை.

பட்டை எவ்வளவு வளையும் என்பதற்கு 1925இல் ஸ்டீபன் திமொஷென்கோ என்ற பொறியியலாளர் சூத்திரம் எழுதினார். அதில் நான் ரசித்த சங்கதி ஒன்று உண்டு. இரண்டு படலமும் ஒரே தடிப்பாக இருந்தால், ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு விறைப்பாக இருந்தாலும் வளைவு சுமார் 3 சதவீதம்தான் குறையும். விறைப்பான உலோகம் மற்றதை இழுத்துக்கொண்டு போகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது அதுவல்ல. வளைவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டின் நீள மாற்றங்களுக்கு இடையே உள்ள வித்தியாசமும் பட்டையின் மொத்தத் தடிப்பும்தான். தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து அந்த வித்தியாசத்தால் வகுத்தால் வளைவின் ஆரை வந்துவிடும். சாதாரண தரப் பிள்ளையே செய்யக்கூடிய கணக்கு.

செய்துதான் பார்ப்போமே. பித்தளைக்கும் உருக்குக்கும் இடையில், ஒரு பாகைக்கு, நீளத்தில் மில்லியனில் ஏழு பங்கு அளவு வித்தியாசம். 100 பாகை சூடாக்கினால் 0.0007. பட்டை 1 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஆரை ஏறக்குறைய ஒரு மீற்றர். 10 சென்ரிமீற்றர் நீளப் பட்டையின் நுனி அரைச் சென்ரிமீற்றர் விலகும். ஓர் இணைப்பைத் துண்டிக்க அது தாராளம். இப்போது ஜெல்லுக்கு வாருங்கள். அது நீளத்தில் பாதியாகவே சுருங்கக்கூடியது. வித்தியாசம் 0.5. இவ்வளவு பெரிய மாற்றத்துக்குத் திமொஷென்கோவின் சூத்திரத்தை அப்படியே போடக்கூடாது என்று ஜேர்மனியில் பல்பகுதிய (பொலிமர்) இரசாயனம் படிக்கும் என் பெறாமகள் தொலைபேசியில் கண்டித்தாள். சரி, துல்லியமாக வேண்டாம். ஆனாலும் அளவு விளங்குகிறது. அதே 1 மில்லிமீற்றர் தடிப்பில் ஜெல் பட்டை ஒரு சில மில்லிமீற்றர் ஆரைக்குச் சுருண்டுவிடும். உலோகத்தில் நுனி கொஞ்சம் விலகுகிறது, ஜெல்லில் பட்டை முழுவதும் குழாயாகிறது. கட்டுரையாளர் வியந்ததில் நியாயம் இருக்கிறது. வியப்புக்குக் காரணமாக மூளையைச் சொன்னதுதான் பிழை.

அந்த ஜெல்லின் பெயர் பொலி-என்-ஐசோபுரொப்பைல் அக்கிரிலமைட். வாய் நோகும் பெயர். ஆய்வுகூடங்களில் பி-நைப்பாம் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். குளிர்ந்த தண்ணீரில் அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகளோடு ஐதரசன் பிணைப்புக்களால் சேர்ந்து விரிந்து கிடக்கும். ஜெல் ஊதிப்போய் இருக்கும். ஆனால் அதே சங்கிலியில் தண்ணீரோடு ஒத்துப்போகாத பகுதிகளும் உண்டு. அவற்றைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் ஒரு கட்டுப்பாடான ஒழுங்கில் நிற்க வேண்டியிருக்கிறது. சூடு ஏற ஏற அந்த ஒழுங்கு தாக்குப்பிடிக்காது. ஏறக்குறைய 32 பாகையில் நீர் கழன்றுபோக, சங்கிலிகள் தமக்குள்ளே சுருண்டுகொள்ள, ஜெல் நீரைக் கக்கிவிட்டுச் சுருங்குகிறது. சூடாக்கினால் சீனி கூடுதலாகக் கரையும் என்று படித்த பிள்ளைகளுக்கு இது தலைகீழாகத் தெரியும். தலைகீழ்தான். சூடாக்கினால் கரைசலை விட்டு வெளியே வருகிற ஆள் இது.

இந்தப் பல்பகுதியத்தின் குணம் 1968இலேயே பதிவாகிவிட்டது. ஜெல் ஒன்று ஒரு எல்லையைத் தாண்டியதும் திடீரெனச் சுருங்கலாம் என்பதை 1978இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் ரொயோய்ச்சி ரனாக்கா காட்டினார். 1995இல் வட ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சிபிங் ஹுவும் கூட்டாளிகளும் பி-நைப்பாமையும் வெப்பத்துக்கு அசையாத இன்னொரு ஜெல்லையும் சேர்த்துப் பட்டை செய்தார்கள். தண்ணீரைச் சூடாக்க அது வளைந்தது. தண்ணீருக்குள் ஒரு பொருளைப் பிடித்து விடுகிற 'ஜெல் கை' ஒன்றையும் செய்துகாட்டினார்கள். கட்டுரையில் 'புத்தம் புதிய கண்டுபிடிப்பு' என்று வந்ததற்கு வயது இவ்வளவு.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். 32 பாகையை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஏனென்றால் அது அறை வெப்பநிலைக்கு மேலேயும் உடல் வெப்பநிலையான 37க்குக் கீழேயும் இருக்கிறது. மேசையில் நிமிர்ந்து கிடக்கும், உடலுக்குள் போனால் சுருளும். கேட்க வடிவாகத்தான் இருக்கிறது. யாருடைய அறை என்றுதான் கேட்கிறேன். 20, 22 பாகையில் கம்பளிச் சட்டையோடு இருக்கும் அறை அது. எங்கள் சித்திரை மாதத்துப் பகல் 32ஐத் தாண்டுவது ஒரு செய்தியே அல்ல. ரின் தகட்டுக் கூரை போட்ட ஆய்வுகூடத்தில் மத்தியானம் என்ன வெப்பநிலை இருக்கும் என்பதை அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள். மெழுகுதிரியே நட்ட இடத்தில் சாய்ந்து நிற்கும்.

இதைக் கற்பனையில் சொல்லவில்லை. என் பெறாமகள் ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தபோது, சின்னப் போத்தலில் தண்ணீருக்குள் ஒரு பட்டையைக் கொண்டுவந்தாள். "பெரியப்பா, நீங்கள் வெந்நீர் மட்டும் வையுங்கோ, நான் சுருட்டிக் காட்டுறன்" என்றாள். பையிலிருந்து எடுத்தால் அது ஏற்கெனவே பால் வெள்ளையாக மாறிச் சுருண்டு கிடக்கிறது. கொழும்பிலிருந்து வந்த பேருந்துக்குள்ளேயே காட்சி முடிந்துவிட்டது. பிறகு கிணற்றில் அள்ளிய வாளித் தண்ணீருக்குள் போத்தலை அமிழ்த்தி வைத்தோம். நிலத்துக்கடியில் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கும் தண்ணீர் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். பட்டை மெல்ல மெல்லத் தெளிந்து நிமிரத் தொடங்கியது. ஆனால் முழுதாக நிமிரவில்லை. 32க்கு அண்மையில் வந்தாலே ஜெல் கொஞ்சம் கொஞ்சமாக நீரை விடத் தொடங்கும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்த அளவுக்குக் குளிர் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் நேரானது. வெளியே எடுத்து விறாந்தையில் வைத்தோம். சூடாக்கி ஒன்றும் இல்லாமல், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மறுபடியும் சுருண்டு கிடந்தது. பெறாமகளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ, அந்தப் பட்டையிலிருந்து படிக்கக்கூடிய மிக நல்ல பாடம் அன்றுதான் கிடைத்தது என்று பட்டது.

ரோக்கியோவில் ரெருவோ ஒக்கானோவின் குழு இதே பல்பகுதியத்தை வைத்துச் செய்த அருமையான வேலை ஒன்று உண்டு. பிளாஸ்ரிக் வளர்ப்புத் தட்டில் இதை மெல்லிய படலமாகப் பூசி, 37 பாகையில் அதன்மேல் உடற்கலங்களை வளர்ப்பார்கள். பிறகு தட்டைக் குளிரவிட, படலம் நீரை உறிஞ்சி விரிய, கலங்கள் கத்தியோ நொதியமோ படாமல் ஒரே தாளாகக் கழன்று வரும். இங்கே 'குளிரவிட' என்றால் மேசையில் வைத்தால் போதும் என்று எண்ணிவிடக்கூடாது. எங்கள் அறையில் வைத்தால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்கலாம். குளிரூட்டி வேண்டும். குளிரூட்டிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதும் செய்முறைக் குறிப்பில் இருக்க வேண்டும்.

அந்த இயந்திர மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பு, 32 என்ற எல்லையைக் கீழே இழுக்கும். நீர் மூலக்கூறுகளை உப்பு தன் பக்கம் வைத்துக்கொள்வதால் சங்கிலிகள் இன்னும் குறைந்த சூட்டிலேயே நீரைக் கைவிடும். கடல்நீரில் இருக்கும் அளவு உப்புக்கு எல்லை ஐந்து பாகை போலக் குறைந்து 27க்குக் கிட்ட வரும். பாக்கு நீரிணையின் மேற்பரப்பு வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் நிற்கிறது. ஆகவே இந்த ஜெல்லில் செட்டை செய்து எங்கள் கடலில் விட்டால், விட்ட கணத்திலிருந்து சுருண்டபடியே இருக்கும். ஐரோப்பாவின் வட கடலில் அது நீந்தட்டும், நல்லது. மயிலிட்டி மீனவருக்குப் பயன்படும் என்று எழுதுவதற்கு முன் ஒரு கரண்டி உப்பும் ஒரு வெப்பமானியும் எடுத்துப் பார்த்திருக்கலாம். கரையோரத்து உவர்க் கிணறுகளில் இந்த இறக்கம் மிகச் சிறிது, அதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சங்கிலியில் தண்ணீரை விரும்பும் வேறு பகுதிகளைக் கொஞ்சம் கலந்து செய்தால் எல்லை மேலே போகும். எவ்வளவு கலக்கிறோமோ அதற்கேற்ப 36, 40 என்று ஏற்றலாம். தண்ணீரே தேவைப்படாத வகையும் இருக்கிறது. திரவப் பளிங்கு இறப்பர் என்று சொல்லலாம், சூடேறினால் ஒரு குறித்த திசையில் மட்டும் குட்டையாகும். ஆகவே எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் யாராவது இந்தத் துறையில் இறங்கினால், வெளியில் எழுதிய 32ஐ அப்படியே நகல் எடுக்காமல், பகல் 34 பாகையிலும் மேசையில் நேராகக் கிடந்து 40இல் வளைகிற ஒன்றைச் செய்ய முயலட்டும். அது இங்கே மட்டுமல்ல, சென்னையிலும் கொழும்பிலும் வேலை செய்யும். ஆராய்ச்சிக்கு நல்ல கேள்வி அது என்பது என் அபிப்பிராயம். பெரிய வாத்தியார்கள் மறுக்கலாம்.

வேகத்தைப் பற்றியும் கட்டுரை மௌனம். படத்தில் சில செக்கன்களில் சுருள்வதாகக் காட்டியிருந்தது மிக மெல்லிய படலமாக இருக்க வேண்டும். ஜெல்லுக்குள்ளிருந்து நீர் ஊர்ந்துதான் வெளியேற முடியும். அதற்கு ஆகும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு கூடும். தடிப்பு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. மெல்லியதாகச் செய்தால் கெதியாக வளையும், ஆனால் ஒரு வெண்டிக்காயைத் தூக்கக்கூட அதற்குப் பலம் இராது. தடிப்பாகச் செய்தால் பலம் உண்டு, ஆனால் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். 'ஜெல் கை' கையாக இன்னும் தொழிற்சாலைக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுரையின் கடைசியில் 'பாடசாலைகளில் மாணவர்களே இதைத் தயாரித்துப் பார்க்கலாம்' என்று ஒரு யோசனை இருந்தது. தயவுசெய்து வேண்டாம். இரண்டாவது படலத்துக்கு வழக்கமாகப் பயன்படும் பொலி-அக்கிரிலமைட் ஜெல்லாக உறைந்த பிறகு பெரிய ஆபத்தில்லை. ஆனால் அதைச் செய்ய எடுக்கும் அக்கிரிலமைட் தூள் நரம்பைத் தாக்கும் நஞ்சு, தோல் வழியாகவே உடலுக்குள் போகும். பி-நைப்பாமின் மூலப்பொருளும் வெறுங்கையால் தொடக்கூடியதல்ல. புகை உறிஞ்சும் அலமாரி இல்லாத, கையுறைக்கே காசு தேடுகிற ஆய்வுகூடத்தில் இது வேண்டாத விளையாட்டு. சூட்டில் கரைசலை விட்டு வெளியேறும் குணத்தைக் காட்டத்தான் வேண்டுமென்றால் ஹைட்ரொக்சிபுரொப்பைல் செலுலோஸ் இருக்கிறது. மாத்திரைகளிலும் உணவிலும் சேர்ப்பது. அதன் கரைசல் 45 பாகைக்கு அண்மையில் கலங்கும், ஆறவிட்டால் தெளியும். எங்கள் அறைச் சூடு அதைக் குழப்பாது.

வளைவைக் காட்ட இன்னும் மலிவான வழிகள் உண்டு. பிஸ்கற், சிகரெட் பெட்டிகளுக்குள் வரும், ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் கடதாசியும் ஒட்டிய தாளை மெல்லிய கீலமாக வெட்டி, சூடான மின் அழுத்திக்கு மேலே பிடியுங்கள். கடதாசி உள்பக்கமாக வர வளையும். அலுமினியம் விரிகிறது, கடதாசி ஈரத்தை இழந்து சுருங்குகிறது, இரண்டும் ஒரே திசைக்கு உதவுகின்றன.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. மந்தாரை மரத்துக் காய் வெயிலில் முற்றி வெடிக்கும்போது அதன் இரண்டு ஓடுகளும் முறுக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டில் இரண்டு படலங்கள். ஒன்றின் நார்கள் மற்றதன் நார்களுக்குச் செங்குத்தாகவும், இரண்டும் காயின் நீளத்துக்கு 45 பாகை சாய்வாகவும் ஓடுகின்றன. காய்ந்தால் ஒரு படலம் ஒரு திசையிலும் மற்றது அதற்குக் குறுக்காகவும் சுருங்கும். இரண்டையும் திருப்திப்படுத்த ஓடு முறுக்கிக்கொள்கிறது. இங்கே காரணம் வெப்பம் அல்ல, ஈரம் போவது. கணக்கு ஒன்றுதான். 2011இல் ஜெரூசலம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று இதை இறப்பரால் செய்துகாட்டியது. மெல்லிய இறப்பர்த் தாள் இரண்டை எடுத்து, ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் இழுத்து ஒட்டி, 45 பாகைச் சாய்வில் கீலங்களாக வெட்டினார்கள். ஒடுங்கிய கீலம் நேரான அச்சைச் சுற்றி முறுகியது. அகன்ற கீலம் குழாய்மேல் சுற்றிய நாடா போலச் சுருண்டது. ஒரே தாள், ஒரே பசை. அகலம் மாறினால் உருவம் மாறுகிறது. பெரிய பலூன் இறப்பரையும் சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசனையும் வைத்து இதை எங்கள் விறாந்தையில் செய்து பார்த்தோம், வருகிறது. பசை நன்றாகக் காயும்வரை இழுவையை விடக்கூடாது, நான்கு பக்கமும் பலகையில் ஆணி அடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த உயர்தர மாணவனிடம்தான் காட்டினேன். உயிருள்ள சாமானோ என்று அவன் பிறகு கேட்கவில்லை. எந்த அகலத்தில் ஒன்று மற்றதாக மாறும் என்றுதான் கேட்டான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படியான செய்திகளை இனியும் வெளியிடுங்கள், குறைக்க வேண்டாம். ஆனால் வெளியிடும்போது அந்தப் பொருள் எத்தனை பாகையில் வேலை செய்கிறது, எந்தத் தண்ணீரில், எவ்வளவு தடிப்பில், எவ்வளவு நேரத்தில் என்பதை ஒரு சின்னப் பெட்டிக்குள்ளாவது போட்டுவிடுங்கள். இடம் போதாவிட்டால் அந்த மீனின் படத்தைச் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாடசாலை ஆய்வுகூட உதவியாளர்,
கொக்குவில் கிழக்கு.